ஒரே பேட்ச் என்றால் ஆயுள் நட்பா?

கல்லூரியில் கிடைக்கிற நட்புதான் கடைசிவரை வரும் என்கிறார்கள். பிள்ளையை ஹாஸ்டலில் கொண்டுபோய் விடுகிற தகப்பனார் சொல்கிறார். ஆண்டு விழா மேடையில் சிறப்பு விருந்தினர் சொல்கிறார். வெள்ளி விழாச் சந்திப்புக்கு ஒரே நிறத்தில் டி-சர்ட் அடித்து அனுப்புகிறவர்கள் சொல்கிறார்கள். சினிமா ரொம்ப வருஷமாகச் சொல்லிவருகிறது. 1996இல் வந்த ‘காதல் தேசம்’ படத்தின் நட்புப் பாட்டைப் போடாமல் எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் பிரிவுபசார விழா முடிவதில்லை. பள்ளிக்கூடச் சிநேகிதம் சிறுபிள்ளைத்தனம், வேலையிடத்துப் பழக்கம் காரியத்துக்கானது, ஊர்ச் சேக்காளி தெருவோடு சரி, கல்லூரி நண்பன் ஒருவன்தான் ஆயுளுக்கும் கூட வருவான் என்று ஒரு படிவரிசையே போட்டுவைத்திருக்கிறோம். அந்தப் படிவரிசையின் அடியில் ஓர் இரக்கமும் இருக்கிறது: கல்லூரிப் பக்கமே போகாதவர்கள், பாவம், அந்தச் சுகத்தை அறியாமலே போய்விட்டார்கள் என்பது.

கழுகுமலையில் உட்கார்ந்துகொண்டு இதை ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. இந்தக் கரிசல் மண்ணில் ஆயுள் முழுக்க நின்ற நட்புகளை வரிசையாக எண்ணிப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கல்லூரியோடு சம்பந்தமே கிடையாது. சம்பந்தம் உள்ளவற்றையும் காப்பாற்றியது கல்லூரி இல்லை. எதிர்த்தரப்பு சொல்வதில் ஒன்றே ஒன்று கனமானது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நியாயமாகாது.

இங்கிருந்து கோவில்பட்டிக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம். காலையில் அந்தப் பஸ்ஸில் ஏறுகிற பிள்ளைகளில் பலர் வீட்டிலேயே முதலாவதாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள். பிறந்த தெரு, சொந்தக்காரர் வீடு, கோயில் கொடை என்று எல்லாமே பிறப்பு முடிவு செய்துவைத்த உறவுகளுக்குள் பதினேழு வயதுவரை வளர்ந்தவர்கள். அவர்களுக்கு, ‘இவன் என் கூட்டாளி’ என்று தானே ஒருவனைத் தேர்ந்துகொள்ள வாய்க்கிற முதல் இடம் கல்லூரி வகுப்பறைதான். கோவில்பட்டியில் 1966இல் ஜி. வெங்கடசாமி நாயுடு கல்லூரியும், 1984இல் நேஷனல் பொறியியல் கல்லூரியும் வந்த பிறகு எத்தனையோ குடும்பங்களில் இது நடந்திருக்கிறது. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவன் டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டிய அன்றைக்குத்தான் தன் தெருவுக்கு வெளியே சோறு சாப்பிட்டேன் என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். இது சின்ன விஷயமில்லை. கல்லூரி வேண்டாம் என்று எவனாவது சொன்னால் அவன் எங்கள் பிள்ளைகளுக்குப் பகைவன்.

ஆனால் வாய்ப்புக் கிடைத்ததைச் சொல்லிக்கொண்டே போய், அதுவே ஆயுள் நட்பு என்று முடிக்கிறார்களே, அங்கேதான் மறுக்கிறேன். வாசல் திறந்தது கல்லூரியாக இருக்கலாம். உள்ளே போனவர்கள் நாற்பது வருஷம் கழித்தும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டிருந்தால் அதற்குக் காரணம் வேறு.

இடைசெவலில் இருந்து தொடங்குகிறேன். கோவில்பட்டிக்குத் தெற்கே திருநெல்வேலி சாலையில் இருக்கிற சிற்றூர். அங்கே 1923 செப்டம்பரில் ஒரு வார இடைவெளியில் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். ஒருவர் சம்சாரி வீட்டுப் பிள்ளை, மற்றவர் பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளை. கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி. இருவரும் எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை. கி.ரா.வுக்குப் பள்ளிப் படிப்பே முழுசாகக் கிடையாது. அவர்கள் சேர்ந்து படித்தது புத்தகங்களை. சேர்ந்து கிறங்கியது விளாத்திகுளம் சுவாமிகளின் சங்கீதத்தில். சேர்ந்து போய் உட்கார்ந்தது குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி.யின் முன்னால். அழகிரிசாமி குமாஸ்தா வேலைக்குப் போனார், சென்னைக்குப் போய்ப் பத்திரிகைகளில் உழைத்தார், 1950களில் மலேயாவுக்குப் போய்த் ‘தமிழ் நேச’னில் வேலை பார்த்தார். கி.ரா. ஊரில் புஞ்சையோடும் விவசாயிகள் போராட்டத்தோடும் இருந்தார். இருவருக்கும் நடுவில் கடல் இருந்த வருஷங்களும் உண்டு. கடிதம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. எழுத்தில் முன்னால் போனவர் அழகிரிசாமி, கி.ரா. சிறுகதை எழுத வந்தபோது முப்பத்தைந்தை ஒட்டிய வயது. நண்பனின் கடிதங்களை கி.ரா. பத்திரப்படுத்தி வைத்தார், பின்னால் அவை புத்தகமாகவும் வந்தன.

1970இல் அழகிரிசாமி நாற்பத்தாறு வயதில் இறந்துபோனார். அதே ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது ‘அன்பளிப்பு’ தொகுப்புக்காக அவர் போன பிறகு அவருக்கு வந்தது. கி.ரா.வுக்கு 1991இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காக வந்தது. நண்பன் இல்லாமல் அரை நூற்றாண்டு வாழ்ந்து 2021 மே மாதம் அவர் மறைந்தார். அந்த அரை நூற்றாண்டும் அழகிரிசாமியைப் பற்றி எழுதினார், பேசினார், சந்திக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். எந்தப் பட்டமும் இல்லாத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் அழைத்து வருகைப் பேராசிரியராக்கியது என்பது தனிக் கதை. எனக்கு இங்கே வேண்டியது இதுதான்: தமிழ் எழுத்துலகம் அறிந்த நட்புகளில் இதைவிட நீண்டது, ஆழமானது என்று எத்தனை சொல்ல முடியும்? அதற்கு எந்த ஹாஸ்டல் அறை எண் இருந்தது?

‘அவர்கள் மேதைகள், விதிவிலக்குகள்’ என்று பதில் வரும். வரட்டும். அடுத்த தலைமுறைக்கு வருகிறேன்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கோவில்பட்டியில் ஒரு கூட்டம் இருந்தது. தேவதச்சன் நகைக்கடை வைத்திருந்தார். ச. தமிழ்ச்செல்வன் ராணுவத்துக்குப் போய்த் திரும்பி தபால் இலாகாவில் வேலை பார்த்தார். அவர் தம்பி கோணங்கி வேலை எதிலும் தங்காமல் எழுத்தே கதி என்று கிளம்பி ‘கல்குதிரை’ நடத்தினார். உதயசங்கர் ரயில்வேயில் இருந்தார். பூமணி கூட்டுறவுத் துறை அதிகாரி. உருளைகுடியிலிருந்து வந்த சோ. தர்மன் நூற்பாலையில் வேலை செய்தார். எங்கள் கழுகுமலையில் பிறந்த இரா. நாறும்பூநாதன் கிராம வங்கி ஊழியர். கௌரிஷங்கர், சமயவேல், அப்பாஸ் என்று இன்னும் பலர். வயது வேறு, சாதி வேறு, கட்சி வேறு, சம்பளம் வேறு. சிலர் கல்லூரியில் படித்தவர்கள், சிலர் அந்தப் பக்கம் போகாதவர்கள். இவர்கள் கூடிய இடங்கள் காந்தி மைதானமும் டீக்கடைகளும் தேவதச்சனின் கடையும். வெயில் தாழ்ந்த பிறகு தொடங்குகிற பேச்சு நடுச்சாமம் தாண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் கையெழுத்துப் பிரதியில் படிப்பார். பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்வார். சண்டை வரும். மறுநாள் அதே இடத்துக்கு வருவார்கள்.

அந்த வட்டாரத்திலிருந்து பின்னால் வந்த மரியாதைகளை ஊர் அறியும்: பூமணிக்கு 2014இல் ‘அஞ்ஞாடி’க்காகவும், சோ. தர்மனுக்கு 2019இல் ‘சூல்’ நாவலுக்காகவும் சாகித்ய அகாதெமி விருது. தேவதச்சனுக்கு 2015இல் விஷ்ணுபுரம் விருது. உதயசங்கருக்கு 2023இல் சிறார் இலக்கியத்துக்கான பால சாகித்ய புரஸ்கார். நான் அதற்காக இவர்களைச் சொல்லவில்லை. 2025 மார்ச்சில் நாறும்பூநாதன் திடீரென்று மறைந்தபோது நண்பர்கள் எழுதியவற்றைப் படித்தேன். நாற்பது ஆண்டுக்கும் மேலான பழக்கம் அந்த எழுத்தில் கனத்துக் கிடந்தது. அவர்கள் நினைவுகூர்ந்தது சேர்ந்து நடத்திய கூட்டங்களை, கைமாற்றிக்கொண்ட புத்தகங்களை, போட்ட நாடகங்களை, போன பயணங்களை. இந்த நட்புகளில் சில மாணவப் பருவத்தில் முளைத்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்களோடு அதே ஆண்டில் அதே கல்லூரியில் படித்து வெளியேறிய நூற்றுக்கணக்கானோர் எங்கே? அவர்களும் ஒரே பேட்ச்தானே? வகுப்பறை எல்லோருக்கும் பொது. அது கலைந்த பிறகும் செய்வதற்குச் சேர்ந்த வேலை இருந்தவர்கள் நண்பர்களாக மிஞ்சினார்கள்.

நட்பு நீடிக்க வேண்டுமென்றால் ஒருவருடைய வாழ்க்கையில் மற்றவருக்கு வேலை இருக்க வேண்டும். இதுதான் என் கட்சி. கடிதம் எழுதுகிற வேலை, கதையைத் திருத்துகிற வேலை, ஆஸ்பத்திரியில் இரவு தங்குகிற வேலை, ஜாமீன் கையெழுத்துப் போடுகிற வேலை, கோபித்துக்கொள்கிற வேலைகூட. அந்த வேலை நின்றுபோனால் மிஞ்சுவது பழைய குரூப் போட்டோ. போட்டோவைப் பார்த்துச் சந்தோஷப்படுவதில் தப்பில்லை. அதற்கு ஆயுள் நட்பு என்று பெயர் சூட்டுவதும், அந்தப் பெயரை வைத்து மற்ற நட்புகளைக் கீழே தள்ளுவதும்தான் தப்பு.

இனி, இந்த நம்பிக்கையின் கெட்ட பக்கத்துக்கு வருகிறேன். கூடவே படித்தால் மட்டும் போதாது, ‘உள்ளே ஏற்றுக்கொள்ளும்’ சடங்கு ஒன்று வேண்டும், அதில் கொஞ்சம் கஷ்டப்பட்டால்தான் பாசம் இறுகும் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ‘ராகிங் இருந்த காலத்தில்தான் சீனியர் ஜூனியர் பாசம் இருந்தது, இப்போது யாருக்கு யாரைத் தெரிகிறது’ என்று ஐம்பது வயதுக்காரர்கள் சொல்வதைச் சந்திப்புதோறும் கேட்கலாம். படித்த மனிதர்கள், பிள்ளை பெற்றவர்கள், மைக்கைப் பிடித்துச் சொல்கிறார்கள்.

அந்த ‘காதல் தேசம்’ வந்த அதே 1996ஆம் வருஷம், நவம்பர் மாதம், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி விடுதியில் முதலாம் ஆண்டு மாணவர் பொன். நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். நாவரசுவின் தந்தை அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். ஒரு துணைவேந்தரின் மகனுக்கே இந்தக் கதி என்று தமிழ்நாடு உறைந்துபோனது. 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டுவரை சிறை, பத்தாயிரம் ரூபாய்வரை அபராதம். அந்த மூத்த மாணவரைக் கீழ்நீதிமன்றம் தண்டித்து, உயர்நீதிமன்றம் விடுவித்து, கடைசியில் 2011இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. பெற்றவர்கள் பதினைந்து வருஷம் அந்த வழக்கோடு வாழ்ந்தார்கள். பாசம் வளர்க்கும் சடங்கு என்று பேசுகிறவர்கள் அந்த வீட்டு வாசலில் போய் நின்று பேசிப் பார்க்கட்டும்.

அமெரிக்காவில் இந்தச் சடங்கையே அமைப்பாக்கி வைத்திருக்கிறார்கள். 1776இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ‘ஃபை பீட்டா கப்பா’ என்ற கிரேக்க எழுத்துச் சங்கம் தொடங்கியதிலிருந்து கிளை பரப்பிய மாணவர் சகோதரச் சங்கங்கள் அவை. சேர்ந்தவன் சாகும்வரை சகோதரன். வேலை, அரசியல், வியாபாரம் எல்லாவற்றிலும் அந்த உறவு கைகொடுக்கும் என்பது அங்கே உள்ள நம்பிக்கை. அங்கே வேலைக்குப் போன நம் பிள்ளைகளில் சிலர் அதைப் பார்த்து ஏங்கி, நமக்கும் இப்படி ஒன்று வேண்டாமா என்று கேட்கிறார்கள். அவர்கள் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2017 பிப்ரவரியில் நடந்ததையும் பார்க்க வேண்டும். சங்கத்தில் சேர வந்த பத்தொன்பது வயது திமோத்தி பியாட்சாவை அளவுக்கு மீறிக் குடிக்க வைத்தார்கள். மாடிப்படியில் விழுந்து உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தவனை மணிக்கணக்கில் அப்படியே போட்டுவைத்தார்கள். ‘சகோதரர்கள்’ ஒரு வீடு நிறைய இருந்தும் ஆம்புலன்ஸைக் கூப்பிட அத்தனை நேரம் ஆயிற்று. அவர் பெயரில் அந்த மாநிலம் 2018இல் சட்டம் போட்டது. 2024 டிசம்பரில் நாடு முழுவதுக்குமான சட்டமும் வந்தது.

அதே நாட்டில் இதற்கு மறுமுனையும் உண்டு. 1906இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வெள்ளையர் கூட்டத்துக்குள் தனித்து விடப்பட்ட ஏழு கறுப்பின மாணவர்கள் ‘ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா’வைத் தொடங்கினார்கள். 1908இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கறுப்பினப் பெண்கள் ‘ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா’வைத் தொடங்கினார்கள். தாய்வழியில் நம் துளசேந்திரபுரத்தோடு வேர் உள்ள கமலா ஹாரிஸ் 1986இல் சேர்ந்தது அதில்தான். அந்தச் சங்கத்துப் பெண்கள் பல பத்தாண்டுகள் கழித்தும் அவருக்குத் துணையாக வந்தார்கள் என்பது உண்மை. இதை எனக்கு எதிரான சாட்சியாக யாராவது நிறுத்தினால், நன்றாக உற்றுப் பார்க்கச் சொல்வேன். அவர்களைக் கட்டிவைத்தது மூன்று கிரேக்க எழுத்தா? நிறத்தின் பெயரால் மறுக்கப்பட்ட ஓட்டுரிமைக்கும் படிப்புக்கும் வேலைக்கும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து போராட வேண்டியிருந்ததே, அந்தப் பாடுதான் கட்டிவைத்தது. கல்லூரியை விட்டு வந்த பிறகும் வேலை இருந்தது. அங்கும் அதே காரணம்தான்.

இந்த ‘உள்ளே, வெளியே’ என்ற விஷயத்தைத் தென்மாவட்டத்தில் இருந்துகொண்டு பேசும்போது சும்மா கடந்துபோக முடியாது. ஒரு கூட்டத்துக்குச் சொந்தம் என்ற உணர்வுக்கு ஒரு ருசி உண்டு. அந்த ருசியில் பாதி, வெளியே நிற்பவனைப் பார்ப்பதில் வருகிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கையில் கட்டுகிற கலர் கயிறு எதைச் சொல்கிறது? இவன் நம்மாள், அவன் நம்மாள் இல்லை என்பதைத்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினத்து மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். கூடப் படித்தவர்கள் என்ற சொல்லை இன்னொரு தடவை படியுங்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு எதுவும் பள்ளியில் கூடாது என்று பரிந்துரைத்தது. கயிற்றை எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களுமாக ஊர் இரண்டுபட்டது. ‘பையன்கள் ஒற்றுமையாக இருப்பது தப்பா’ என்று கேட்ட பெரியவர்கள் இருந்தார்கள். ஒற்றுமை என்று பெயர் வைத்துவிட்டால் எதையும் நியாயப்படுத்தலாம் என்று நினைக்கிறார்கள்.

கழுகுமலைக்கு இது புதிதில்லை. 1895இல், பங்குனித் திருவிழாச் சமயத்தில், இந்த ஊர் வீதியில் யார் ஊர்வலம் போகலாம் என்ற தகராறு கலவரமாகி உயிர்கள் போயின. ‘அஞ்ஞாடி’யில் பூமணி அந்த நெருப்பை எழுதியிருக்கிறார். தெருவுக்கு ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஓர் அடையாளம் என்று பிறப்பே எங்களுக்குச் சங்கம் சேர்த்து வைத்திருக்கிறது. அதற்கு மேலே கல்லூரியும் ஒரு சங்கம், ஹாஸ்டலும் ஒரு சங்கம், பேட்ச்சும் ஒரு சங்கம் என்று வேலி போடுகிற பெருமை எங்களுக்கு வேண்டாம். ஹாஸ்டல் மேல் பாசம் வைத்திருக்கிறவர்களை ஒன்று கேட்கிறேன்: உங்கள் அறையில் யார் யார் சேர்ந்து தங்கினீர்கள், யாருடன் யார் தங்க மறுத்தார்கள்? நேர்மையாகச் சொன்னால் பல இடங்களில் ஊர்த் தெருதான் விடுதி வராந்தாவாக நீண்டிருந்தது.

பெண்களுக்கு வருகிறேன். ‘கல்லூரி நட்பு ஆயுளுக்கும்’ என்கிற வாசகத்தை எழுதியவன் நிச்சயம் ஆண்பிள்ளைதான்.

பஸ்ஸில் மூன்று வருஷம் ஒட்டி உட்கார்ந்து வந்த இரண்டு பெண்கள். ஒருத்தி ரெக்கார்டு நோட்டை மற்றவள் வரைந்து தருவாள். ஒருத்தி வீட்டுப் பிரச்சினையை மற்றவள் தன் வீட்டுப் பிரச்சினையாக அழுவாள். இறுதியாண்டு முடிவதற்குள் ஒருத்திக்குக் கல்யாணம். பத்திரிகை வரும், முன்னிரவில் போய் மண்டபத்தில் பரிசு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் நம்பர் மாறும். புது நம்பர் புருஷன் பெயரில் இருக்கும். கூப்பிட்டால் மாமியார் எடுப்பார். ‘யாரு, என்ன விஷயம்?’ இரண்டு தடவை அப்படிக் கேட்டால் மூன்றாம் தடவை யார் கூப்பிடுவார்? பேட்ச் குரூப்பில் சேர்த்தால், ஆம்பிளைகள் இருக்கிற குரூப் எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். வெள்ளி விழாச் சந்திப்பின் போட்டோவில் வகுப்பில் பாதியாக இருந்த பெண்கள் ஓரத்தில் நாலைந்து பேராக நிற்பது இப்படித்தான். இதை யாரும் இழப்பாகவே கணக்கில் எழுதுவதில்லை. பாதிப் பேர் காணாமல் போன பின்னும் ‘எங்கள் பேட்ச் உடையவே இல்லை’ என்று மேடையில் மார்தட்டுகிறார்கள். எனக்கு அப்போது வருகிற கோபத்தை எழுத்தில் காட்டத் தெரியவில்லை.

இதன் பக்கத்தில் தீப்பெட்டி ஆபீஸ் பெண்களை வைத்துப் பார்க்கிறேன். கல்லூரி நட்பின் பெருமை பேசுகிறவர்களுக்கு இவர்கள் கண்ணிலேயே படுவதில்லை. கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம், சாத்தூர் என்று இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க மழை பொய்த்த வருஷங்களில் வீட்டுக்குச் சோறு போட்டது அந்த ஆபீஸ்கள். இருட்டோடு வேன் வரும். குச்சி அடுக்க, பெட்டி ஒட்ட, லேபிள் ஒட்ட, பண்டல் போட என்று வரிசையாக உட்கார்ந்து வளர்ந்தவர்கள். இன்றைக்கு அறுபதை ஒட்டிய வயதில் இருக்கிற பலர் எட்டு, பத்து வயதில் அங்கே உட்காரவைக்கப்பட்டவர்கள். அது கொடுமை; அதற்கு இனிப்புத் தடவ எனக்கு மனசு வராது. ஆனால் அந்த வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்தவள் இன்றும் பக்கத்தில்தான் இருக்கிறாள். சீட்டுப் பணம் கட்ட முடியாத மாதத்தில் இவள் கட்டுகிறாள். அவள் மகள் காதுகுத்துக்கு இவள் முறை செய்கிறாள். புருஷன் குடித்துவிட்டு அடித்த ராத்திரி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து படுக்கிற வீடு இவள் வீடு. சாவுக்கு முதல் ஆளாக வந்து பாத்திரம் கழுவ உட்கார்கிறவள் அவள். இருவரும் ஒரு சாதியாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. இந்த உறவுக்கு யாரும் டி-சர்ட் அடித்ததில்லை.

இங்கே என் எதிராளி ஒரு குறுக்குக் கேள்வி போடலாம்: துன்பத்தில்தான் பாசம் இறுகுகிறது என்று நீயே ஒப்புக்கொள்கிறாயே, அப்படியானால் ராகிங்கை ஆதரித்தவர்கள் சொன்னதும் அதுதானே? இல்லை. தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் வறுமையில் மாட்டிக்கொண்டார்கள், மாட்டியபின் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். தங்கள் பிள்ளைகளுக்கும் அதே பாசம் கிடைக்கட்டும் என்று அவர்கள் எவரும் பிள்ளையை அங்கே அனுப்ப விரும்பவில்லை. பட்ட பாட்டையெல்லாம் பட்டது பிள்ளை அந்த வேனில் ஏறக் கூடாது என்பதற்காகத்தான். ராகிங்காரர்கள் துன்பத்தைத் தாங்களே ஏற்பாடு செய்துவிட்டு, அதில் விழுந்தவனிடம் பாசத்தை எதிர்பார்க்கிறார்கள். தனக்கு நேர்ந்தது அடுத்தவனுக்கு நேரக் கூடாது என்று நினைப்பவர்கள் அந்தப் பெண்கள். தனக்கு நேர்ந்தது அடுத்தவனுக்கும் நேரட்டும் என்று நினைப்பவர்கள் இவர்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

படிப்பு சார்ந்த கூட்டுறவே வேண்டாம் என்கிறாயா என்று கேட்டால், எங்கள் மலையைக் கைகாட்டுவேன். சுற்றுலா வருகிறவர்கள் வெட்டுவான் கோயிலைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அதே மலையில், எட்டாம் நூற்றாண்டு தொடங்கிச் செதுக்கப்பட்ட சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அவற்றின் கீழே வட்டெழுத்தில் சுமார் நூறு கல்வெட்டுகள். அரைமலை என்று பேர்பெற்றிருந்த இந்த இடம் அன்றைக்கு ஒரு பெரிய கல்வி நிலையம். குரவர்களும் அவர்களின் மாணாக்கர்களும், குரத்திகள் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் அவர்களின் மாணாக்கிகளும் அந்தக் கல்வெட்டுகளில் ஊர்ப் பெயரோடு இருக்கிறார்கள். தூரதூரத்து ஊர்க்காரர்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் பெண் ஆசிரியரிடம் படித்தவர்களின் பெயர் கல்லில் இருக்கிறது என்பதை எங்கள் ஊர்ப் பள்ளிகளில்கூட ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்பதில்லை, அது வேறு ஆதங்கம்.

என் வாதத்துக்கு அந்தக் கல்வெட்டுகள் சொல்வது முக்கியம். ‘நான் இங்கே படித்தேன்’ என்று பதிந்துவிட்டுப் போகிற கல்வெட்டுகளாக அவை இல்லை. இந்த உருவத்தை இன்னார் செய்வித்தார், இன்னார் சார்பாகச் செய்வித்தார் என்பதே பெரும்பாலும் அவற்றின் சாரம். ஆசிரியருக்காக மாணவர், பெற்றோருக்காகப் பிள்ளை, இறந்தவருக்காக இருப்பவர். ஒருவர் இன்னொருவருக்காக ஒன்றைச் செய்த இடத்தில்தான் அங்கே பெயர் வருகிறது.

இன்றைக்குச் சந்திப்பு நடத்துகிற முன்னாள் மாணவர்களுக்கும் இதே அளவுகோலை வைக்கிறேன். நல்லவர்கள் இருக்கிறார்கள். படிக்க முடியாத ஜூனியருக்குக் கட்டணம் கட்டுகிறவர்கள், இறந்துபோன வகுப்புத் தோழனின் பிள்ளைகளைக் கரைசேர்த்தவர்கள், எனக்கே தெரிந்தவர்கள் உண்டு. அவர்களை நான் கும்பிடுகிறேன். அவர்கள் நண்பர்கள், கல்லூரி அவர்களுக்கு முகவரி கொடுத்தது, அவ்வளவுதான். மற்றவர்கள், ஒருநாள் பிரியாணிக்கும் ட்ரோன் வீடியோவுக்கும் கூடுகிறவர்கள், கூடட்டும், மகிழட்டும். பிள்ளைகளிடம் மட்டும், இதுதான் நட்பின் உச்சம் என்று சொல்லாதிருக்கட்டும். பிளஸ் டூவோடு நின்று மெக்கானிக் பட்டறைக்குப் போன பையனுக்கும், மதிப்பெண் இருந்தும் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போன பெண்ணுக்கும் வாழ்க்கையின் பெரிய உறவு ஒன்று கைநழுவிவிட்டது என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இல்லை.

கல்லூரிகளும் ஒன்று செய்யலாம். மாலை ஐந்து மணிக்குப் பூட்டுகிற நூலகத்தை ஊர்க்காரர்களுக்கும் திறந்து விடலாம். பட்டறைப் பையனும் பி.எஸ்சி. பையனும் ஒரே மேஜையில் செய்தித்தாள் படிக்கட்டும். காந்தி மைதானத்துக்கு அடையாள அட்டை கேட்டிருந்தால் சோ. தர்மனும் தேவதச்சனும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க முடியாது.

சந்திப்புக்குப் பட்டியல் போடுகிறவர்கள் அடுத்த தடவை பட்டம் வாங்கியவர்கள் பதிவேட்டை எடுக்காமல் முதலாம் ஆண்டு வருகைப் பதிவேட்டை எடுங்கள். அதில் இருந்து நடுவில் காணாமல் போன பெயர்கள் இருக்கும்: கட்டணம் கட்ட முடியாமல் மூன்றாம் செமஸ்டரில் நின்றவன், அப்பா இறந்து வேலைக்குப் போனவன், கல்யாணத்தோடு படிப்பை விட்டவள், ராகிங் தாங்காமல் டி.சி. வாங்கிக்கொண்டு போனவன். அவர்கள் வீட்டு முகவரியும் அந்தப் பதிவேட்டிலேயே இருக்கும். பெரும்பாலும் ஒரு பஸ் தூரம்தான். போய் முதலில் அவர்களைப் பாருங்கள். பெண்கள் வீட்டுக்கு உங்கள் வகுப்புப் பெண்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். புருஷனிடமும் மாமியாரிடமும் அவர்கள் பேசட்டும். மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.